தெரிந்து ஆக்குவோம்!

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாலைக் கூட்டம் முடிந்து, கையில் தேநீருடன் நண்பர்கள் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தோம். "இப்போது உங்கள் வீட்டில் என்ன சமையல்?" என்று ஒருவர் வினவினார். "ஏர் பிரையரில் தெரியாக்கிக் கோழி" என்றேன். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஏர் என்றால் உழுவதற்கு என்பது தெரியும், அதில் கோழி எப்படி ஐயா வேகும்?" என்றார் ஒரு நண்பர். "தெரியாமல் ஆக்கினால் அதுதான் தெரியாக்கியோ?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். தமிழர் நால்வர் கூடுமிடத்தில் சிலேடையின்றித் தேநீர் தொண்டையில் இறங்குமோ?

ஆனால், சிரிப்பு அடங்கிய பின் எழுந்த பேச்சு என் உள்ளத்தைத் தைத்தது. நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சொன்னார்: "அது சோம்பேறிகளின் கருவி. பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சமையல் என்று பெயரா? அதிலும் ஜப்பான் நாட்டுப் பண்டம் வேறு! ஒழுங்காக ஒரு குழம்பு வைக்கத் தெரியாத தமிழனுக்கு இதெல்லாம் எதற்கு?"

குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, கருவி சோம்பலை வளர்க்கிறது என்பது. மற்றொன்று, அயல்நாட்டு உணவு நம்மை நம்மிடமிருந்து பிரிக்கிறது என்பது. அன்று என்னால் விடை கூற இயலவில்லை. விடை இல்லாமையால் அன்று. அவர் கூறியதில் பாதி உண்மை என்பதை நான் என் வாழ்விலேயே கண்டிருந்தமையால்! அந்தப் பாதி எது, மற்றப் பாதி ஏன் பிழை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் அவரும், சிரித்த நண்பர்களும் பொறுத்தருள்க.

நால்வரும் தம்பியும்

பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் இரண்டு அறைகளும் ஒரு சிறு சமையலறையும் கொண்ட வீட்டில் நாங்கள் நால்வர் குடியிருக்கிறோம். நான் விருதுநகர்க்காரன், மற்றவர்கள் கோவை, தஞ்சை, நெல்லை. நெல்லைத் தம்பிதான் எங்களில் இளையவன். முதுகலை முதலாண்டு பயில்கிறான். அவன் அன்னையார் வேலைக்குச் செல்பவர். ஆதலால் பள்ளிப் பருவத்திலேயே உலை வைக்கவும், குழம்பு கூட்டவும் கற்றவன். தில்லிக்கு வந்த முதல் வாரத்திலேயே அவன் வைத்த புளிக்குழம்பை உண்டு நாங்கள் மூவரும் மயங்கிவிட்டோம்.

"தம்பி, உன் கைம்மணம் யாருக்கு வரும்!" என்றோம். நாள்தோறும் சொன்னோம். அவன் நாள்தோறும் சமைத்தான். பொருளுக்கு நாங்கள் பணம் தந்தோம். பாத்திரங்களை எப்போதாவது கழுவினோம். இது நேர்மையான பங்கீடு என்றே நம்பினோம். புகழ்ந்து புகழ்ந்தே ஒருவரை அடுப்படியில் நிறுத்திவிடலாம் என்பதை நம் இல்லங்களில் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

டிசம்பர் வந்தது. பருவத் தேர்வும் வந்தது. ஒருநாள் தம்பி தயங்கித் தயங்கி, "அண்ணே, பரீட்சை முடியுத வரைக்கும் ராத்திரிச் சமையல மட்டும் நீங்க யாராச்சும் பாத்துக்கிடுதியளா?" என்று கேட்டான். கேட்டதில் எவ்வளவு நியாயம்! நாங்கள் செய்தது என்ன? சமைக்கக் கற்றோமா? இல்லை. மூவரும் பணம் போட்டு ஏர் பிரையர் ஒன்றை வாங்கினோம். "எண்ணெய் வேண்டாம், பக்குவம் வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்" என்று விளம்பரம் கூறிற்று. தம்பிக்கு மாற்றாக நாங்கள் தேடியது ஓர் ஆளை அன்று, ஒரு பொறியை. மூத்த நண்பரே, தாங்கள் கூறிய சோம்பேறி அந்த நாளில் நானேதான்!

கரிந்த கதை

ஒரு ஞாயிறு. ஐ.என்.ஏ. சந்தைக்குச் சென்று, அயல்நாட்டுப் பொருள்கள் விற்கும் கடையில் தெரியாக்கிச் சாறு ஒரு புட்டி வாங்கி வந்தேன். ஒரு கிலோக் கோழித் துண்டுகளை அதில் இரவு முழுவதும் ஊறப் போட்டேன். மறுநாள் மாலை அத்தனையையும் சாறு சொட்டச் சொட்டக் கூடையில் குவித்து, 200 டிகிரி, 25 நிமிடம் என்று வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன்.

பதினைந்து நிமிடத்திற்குள் புகை கிளம்பிற்று. டிசம்பர்க் குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை எல்லாம் அடைத்திருந்தோம். வீடு முழுதும் கரிந்த சர்க்கரையின் நெடி. கூடையை இழுத்துப் பார்த்தால், மேலே கிடந்த துண்டுகள் கரி. அடியில் கிடந்தவை வெளிறிய பச்சைக் கறி. ஒன்றைப் பிய்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு.

தம்பி தன் அறையிலிருந்து வந்தான். ஒரு கையில் புத்தகம். மறு கையால் துண்டை மூக்கில் பொத்தியிருந்தான். சன்னலைத் திறந்தான். புத்தகத்தை அலமாரியின்மேல் வைத்தான். ஒரு சொல்லும் பேசாமல் கூடையை எடுத்துச் சென்று, அடியில் கல்லாய் இறுகிவிட்ட கரிப்பாகை வெந்நீர் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினான். மறுநாள் காலை அவனுக்குத் தேர்வு. நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அவன் என்னை ஏசியிருந்தால் மறந்திருப்பேன். ஏசவில்லை, அதனால் மறக்க முடியவில்லை.

"பொறி சரியில்லை, விற்றுவிடலாம்" என்றார் கோவை நண்பர். "கோழி சரியில்லை" என்றார் தஞ்சை நண்பர். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. நான் வேதியியல் பயில்பவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியை, அது எவ்வாறு இயங்குகிறது என்று அறியாமல் தொடுவேனா? ஒரு கரைசலை, அதில் என்ன கலந்திருக்கிறது என்று பாராமல் சூடேற்றுவேனா? ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி, அடுப்படியில் குருட்டுப் பூனை. இதுதான் என் நிலை. என் நிலை மட்டுமோ? நம்மில் பலரின் நிலை!

பொரிப்பது வேறு, சுடுவது வேறு

பிழையை ஆராயத் தொடங்கியபோது, முதலில் என்னை ஏமாற்றியது பெயர்தான் என்பது விளங்கிற்று.

'பிரையர்' என்றால் பொரிப்பான். விருதுநகரில் பிறந்தவனுக்குப் பொரித்தல் இன்னதென்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எண்ணெயில் மிதந்து மொறுமொறுவென்று எழும் எங்கள் ஊர்ப் புரோட்டா அதைக் கற்பித்துவிடும். எண்ணெயில் இட்ட பண்டம் 'சுர்'ரென்று சீறுவது எதனால்? உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழியிட்டு வெளியேறுவதனால். நீர் வெளியேறிய மேற்புறம் உலர்ந்து மொறுமொறுப்பாகிறது. எண்ணெய் பண்டத்தின் ஒவ்வொரு மடிப்பையும் தழுவி நின்று வெப்பத்தை விரைந்து ஊட்டுகிறது.

ஏர் பிரையரில் இது நடப்பதில்லை. மேலே ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள். அதன்மேல் ஒரு விசிறி. கீழே துளைகள் உள்ள கூடை. விசிறி சூடான காற்றைக் கூடையைச் சுற்றி வேகமாகச் சுழற்றுகிறது. அவ்வளவே! 2010ஆம் ஆண்டில் பெர்லின் நகரக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதனை இப்பெயருடன் அறிமுகப்படுத்தியது. இதனை உருவாக்கியவர் பிரெட் வான் டெர் வெய் என்னும் டச்சுக்காரர். உண்மையில் இது பொரிப்பான் அன்று. ரொட்டி சுடும் அடுப்பைச் சிறியதாக்கி, அதற்குள் ஒரு புயலை வைத்தது போன்றது.

காற்றுக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அந்த வெப்பநிலையில் எண்ணெயின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. 180 டிகிரி சூடுள்ள அடுப்பினுள் ஒரு நொடி கையை நீட்டி எடுக்கலாம். 180 டிகிரி எண்ணெயில் விரல் நுனியையும் வைக்க முடியாது. ஆதலால், காற்று தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் ஓட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் சுற்றி ஓட வேண்டும். நான் ஒரு கிலோவைக் குவித்தேன். காற்று எங்கே ஓடும்? மேல்துண்டு கரிந்ததும் அடித்துண்டு வேகாததும் பொறியின் பிழையோ?

அதில் பஜ்ஜி போட முயன்று நொந்துகொண்ட நண்பர்களும் இங்கே உண்டு. கரைத்த மாவு எண்ணெயில் விழுந்த நொடியில் இறுகுகிறது. காற்றில் இறுகுமுன் ஒழுகிவிடுகிறது. பெயரை நம்பிப் பஜ்ஜி போட்டால் வருவது ஏமாற்றமே. செயலை அறிந்து, சுட வேண்டியதைச் சுட்டால் அந்தப் பொறி நல்ல ஏவலாள்.

தெரியாக்கியின் பொருள்

இப்போது நண்பர் சிலேடை செய்த சொல்லைப் பார்ப்போம். ஜப்பானிய மொழியில் 'தெரி' என்றால் மினுமினுப்பு. 'யாக்கி' என்றால் சுடுவது. மினுக்கம் ஏறச் சுட்டது எதுவோ அது தெரியாக்கி. கோழிக்கு மட்டும் உரிய பெயர் அன்று அது. கொழுத்த கடல்மீன் துண்டுகளை அவ்வாறு சுடுவது ஜப்பானியர் வழக்கம். சாற்றில் உள்ளவை நான்கே: சோயா சாஸ், சாக்கே என்னும் அரிசி மது, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சர்க்கரை.

பாருங்கள், பெயரிலேயே சமையற்குறிப்பு அடங்கியிருக்கிறது! சுடுவது முதல் வேலை. மினுக்கம் ஏற்றுவது கடைசி வேலை. நானோ மினுக்கத்தை முதல் நாளே ஏற்றி, 25 நிமிடம் தீயில் காட்டினேன்.

அதன் வேதியியல் இது. சோயா சாஸில் அமினோ அமிலங்கள் நிறைந்துள்ளன. அவை சர்க்கரையுடன் சேர்ந்து சூடாகும்போது பொன்னிறமும் நறுமணமும் பிறக்கின்றன. 1912ஆம் ஆண்டில் லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கிய வினை இது. நம் தோசையின் பொன்முறுகலும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் இதே வினையைச் சார்ந்தவைதாம். 140 டிகிரி அளவில் இது விறுவிறுப்பாக நடக்கும். 160க்கு மேலே சர்க்கரை தானே பழுப்பேறத் தொடங்கும். அதற்கும் மேலே நெடுநேரம் விட்டால் கரியும் கசப்புமே மிச்சம். பொன்னுக்கும் கரிக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடங்களே உள்ளன. அந்த நிமிடங்களில்தான் நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

இனி, 'ஜப்பான் நாட்டுப் பண்டம் நமக்கெதற்கு' என்ற வினா. இன்று உலகெங்கும் தெரியாக்கிக் கோழி என்று பேர்பெற்றிருக்கும் பண்டத்தில் கடல் கடந்து சென்றவர்களின் கைவண்ணம் பெரும்பங்கு உண்டு. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொஷிஹிரோ கசஹாரா என்னும் ஜப்பானியர் சிறு கடை ஒன்றைத் திறந்து, சுட்ட கோழியையும் சோற்றையும் எளிய விலைக்கு விற்றார். மிரினுக்குப் பதிலாகச் சர்க்கரையைப் பயன்படுத்தினார். அந்நகரில் தெரியாக்கிக் கடைகள் பெருகியதற்கு அவர் வழிகாட்டி ஆனார். ஊரை விட்டு வந்தவன் கையில் கிடைத்ததைக் கொண்டு ஊர்ச் சுவையைத் தேடுகிறான். தேடும்போது புதிதாக ஒன்று பிறக்கிறது. தில்லிக் கடுகெண்ணெயில் தாளித்துவிட்டு முகம் சுளித்த நமக்கு இது புரியாதா?

இரண்டாம் முயற்சி

தேர்வுகள் முடிந்த வாரத்தில் மீண்டும் முயன்றேன். இம்முறை புட்டி இல்லை, விளம்பரமும் இல்லை. செய்த முறையைக் கூறுகிறேன். அறையெடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும்.

எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ. நெஞ்சுக்கறி விரைவில் வறண்டுவிடும். தொடைக்கறியில் கொழுப்பு உண்டு. குழாயடியில் நீர் தெறிக்கக் கழுவவில்லை. இதைக் கேட்டால் என் அன்னையார் அதிர்ச்சியடைவார். ஆனால் கழுவுவதால் கிருமி சாவதில்லை. தெறித்து மேடையெங்கும் பரவுகிறது. கிருமியைக் கொல்வது வெப்பம். ஆதலால் தாளால் ஒற்றி ஈரத்தை எடுத்தேன். ஈரம் மிகுந்தால் முதலில் அது ஆவியாக வேண்டும். அதுவரை பொன்னிறம் ஏறாது.

சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி. இவற்றை மட்டும் கறியில் பிசிறி இருபது நிமிடம் வைத்தேன். சர்க்கரை இதில் சேரவே கூடாது. நம் கடைகளில் கோழியைத் தோலுரித்தே தருகிறார்கள். ஆதலால் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் தடவினேன். 'எண்ணெய் வேண்டாம்' என்ற விளம்பரம் இங்கே விடைபெற்றுக்கொண்டது.

மினுக்கச் சாறு தனியே அடுப்பில். சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு, தண்ணீர் மூன்று, வினிகர் ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல். சிறு தீயில் பாதியாகச் சுண்டி, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வரும்வரை கொதிக்கவிட்டேன். மிரின் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. மது கலந்ததை விரும்பாதவரும் நம்மில் உண்டு. மிரினின் மணம் இதில் இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புளிப்பும் இனிப்பும் இருக்கும். பச்சைக் கறி ஊறிய சாற்றை இதில் கலக்கவில்லை, கொட்டிவிட்டேன்.

பொறியை 190 டிகிரிக்கு முன்னரே சூடேற்றி, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவாறு பரப்பினேன். எட்டு நிமிடம், புரட்டிப் போட்டு ஐந்து நிமிடம். உணவுக்கென்று விற்கும் வெப்பமானியால் தடித்த துண்டின் நடுவைக் குத்திப் பார்த்தேன். 74 டிகிரியைத் தாண்ட வேண்டும். சோயா சாஸ் பட்ட கறியில் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. (ஆய்வுக்கூடத்து வெப்பமானியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்!) அதன் பின்னரே சாற்றைத் தடவி இரண்டு நிமிடம், புரட்டித் தடவி மீண்டும் இரண்டு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் பொறியை விட்டு நகரவில்லை.

திறந்தபோது கறி மினுமினுத்தது. 'தெரி' என்ற சொல்லின் பொருள் கண்ணுக்குத் தெரிந்தது. பொன்னி அரிசியைச் சற்றுக் குழைய வடித்து அதனுடன் உண்டோம். இரண்டு துண்டுகளின் ஓரம் கறுத்திருந்தன. அவற்றை நானே எடுத்துக்கொண்டேன். தம்பி ஒரு துண்டை வாயிலிட்டு மென்று, சற்று யோசித்து, "நல்லாத்தான் இருக்கு. இனிப்பு கொஞ்சம் கூடிட்டு அண்ணே" என்றான். முனைவர் பட்டம் பெற்றாலும் அவ்வளவு மகிழ்வேனோ என்னவோ!

நலம் என்னும் மயக்கம்

இங்கே ஓர் எச்சரிக்கை. 'எண்ணெய் இல்லை, ஆதலால் உடலுக்கு நல்லது' என்று கூறிக்கொண்டு நாள்தோறும் இதை உண்ணும் நண்பர்களை அறிவேன். கணக்குப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு உண்டு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நான் கூறிய மூன்று கரண்டிகளை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. புட்டியைக் கவிழ்த்து ஒருவரே உண்டால்? எண்ணெயைத் துரத்திவிட்டு உப்பையும் சர்க்கரையையும் வரவேற்பது எந்த வகை நலம்? வாரத்தில் ஒருநாள் விருந்தாக உண்க, மருந்தாக எண்ணற்க.

பொறிக்கு உரிய நன்மையை மறைக்கவும் மாட்டேன். 1400 வாட் பொறி இருபது நிமிடம் ஓடினாலும் அரை யூனிட் மின்சாரத்திற்குக் குறைவே. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின்முன் வியர்க்க நிற்க வேண்டியதில்லை. மிச்ச எண்ணெயை என்ன செய்வது என்ற கவலையும் இல்லை.

யார் கை?

ஆனால் உழைப்பு போய்விட்டதா? கறி வாங்குவது, நறுக்குவது, சாறு சுண்டுவது, நான்கு நிமிடம் காவல் நிற்பது, கூடை கழுவுவது, மேடை துடைப்பது. இவற்றில் எதைப் பொத்தான் செய்தது? மூத்த நண்பரே, இங்கேதான் தங்களுடன் மாறுபடுகிறேன். கருவி யாரையும் சோம்பேறி ஆக்குவதில்லை. 'கருவி எல்லாம் பார்த்துக்கொள்ளும்' என்று நாம் நம்பும்போது, அது பாராத வேலையெல்லாம் ஓசையின்றி வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கை தம்பியின் கை. நம் ஊர் வீடுகளில் அது யாருடைய கை என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? மாவரைக்கும் பொறி வந்தது, துணி துவைக்கும் பொறி வந்தது. அம்மாவின் இடம் அடுப்படியிலிருந்து மாறிற்றா?

தங்கள் மற்றொரு சொல்லுக்கு விடை கூறுகிறேன். குழம்பு வைக்கத் தெரியாதவனாகத்தான் இருந்தேன். தெரியாக்கி கரிந்த பின்னரே, ஓர் இரவு அன்னையாரைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, புளிக்குழம்புக்கு எப்போது புளி கரைத்து ஊற்ற வேண்டும்?" என்று கேட்டேன். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் அவர் கையால் உண்டிருக்கிறேன். 'எப்படிச் செய்தாய்' என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அவர் அரைமணி நேரம் பேசினார். நடுவில், "இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?" என்று ஒருமுறை கேட்டார்; நான் விடை சொல்லுமுன் மீண்டும் தாளிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். ஜப்பான் நாட்டுக் கோழி என்னை என் வீட்டுக் குழம்பிலிருந்து பிரிக்கவில்லை; அதன் வாயிலுக்குக் கொண்டுவந்து விட்டது.

இப்போது எங்கள் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஏழு நாள், நான்கு பெயர். சமைப்பவர் ஒருவர், கழுவுபவர் ஒருவர். தம்பியின் முறை மற்றவர்களைப் போலவே வருகிறது. கோவை நண்பரின் சாம்பாரை நாங்கள் இன்னும் அச்சத்துடன்தான் அணுகுகிறோம், ஆனால் உண்கிறோம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இதை ஏன் சங்க இதழில் எழுதுகிறேன்? சித்திரை விழா வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மேடை, ஒலிபெருக்கி, வரவேற்பு என்றால் ஆண்கள் பெயர் முன்னே நிற்கிறது. உணவுக் குழு என்றால் தோழியர் பெயர் தானே வந்து விழுகிறது. "நீங்கள் செய்தால்தான் சுவையாக இருக்கும்" என்று புகழ்கிறோம். நாங்கள் தம்பியைப் புகழ்ந்ததும் அப்படித்தான். விழாவன்று நாம் பட்டிமன்றத்தில் சமத்துவம் பேசிக்கொண்டிருப்போம். அவர்கள் பின்கட்டில் பாயசம் கிண்டிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வாண்டு உணவுக் குழுவுக்குச் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்போம். ஆண், பெண், முதலாண்டு, ஆராய்ச்சி மாணவர் என்ற வேறுபாடின்றி எல்லார் பெயரும் குடத்தில் விழட்டும். பெயர் வந்தவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப வேண்டா. தெரியாதவர் தெரிந்தவரிடம் கேட்டுக் கற்கட்டும். அதற்கு வெட்கம் வேண்டியதில்லை. கேளாமல் உண்டதற்கே வெட்கப்பட வேண்டும். முதற்சீட்டாக என் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பொறியையும் கொண்டுவருகிறேன். கூடையைக் கழுவும் பொறுப்பும் என்னுடையது.

நண்பர்களே, தெரியாமல் ஆக்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டுச் சுவரில் படிந்த புகை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. தெரிந்து ஆக்குவோம். ஒருவர் ஆக்க மற்றவர் உண்ணும் வழக்கத்தை விடுத்துச் சேர்ந்து ஆக்குவோம். சித்திரை விழாவில் மூத்த நண்பருக்கு முதல் தட்டு என் கையால். கோழியும் உண்டு, புளிக்குழம்பும் உண்டு. உண்டபின் அவர் தீர்ப்புக் கூறட்டும்!